மறதியும் நினைவும்: ஆங்கில மரபுத்தொடர்கள் சில

முதுகலை வகுப்பின் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கென ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் கொடுத்திருந்தோம். எழுதியவர் தம் நண்பர் வீட்டு மணவிழாவிற்கு வாழ்த்து அனுப்பத் தவறியவர். அத் தவற்றிற்கு அவர் கூறும் அமைதி ‘இட் ஸ்லிப்ட் மை மைண்ட்’ என்னும் ஒரு தொடரே. விடைத்தாள்களில் மூவகை மொழிபெயர்ப்பைக் கண்டோம். சிலர் ‘அது என் மனத்தினின்றும் வழுக்கிவிட்டது’ என எழுதினர். பெரும்பாலோர் ‘நான் அதை மறந்துவிட்டேன்’ என எழுதினர். ஒருவர் மட்டும் ‘எனக்கு அது மறந்தே போயிற்று’ என எழுதியிருந்தார். முதலாவது தமிழாகாது என்பதை விளக்க வேண்டுவதில்லை. இரண்டாவதில் பொருளும் சிதையவில்லை, இலக்கணமும் வழுவவில்லை. எனினும், மூன்றாவதைப் படித்தபோதுதான் அக் கடிதம் எழுதியவரின் குரல் எம் செவிக்குக் கேட்டது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு யாது, அது எங்கிருந்து வந்தது என ஆராயப் புகுந்ததன் விளைவே இக் கட்டுரை.

மரபுத்தொடரை மொழிபெயர்ப்பது பற்றிப் பேசுவோர், ஆங்கில உவமைக்கு ஈடான தமிழ் உவமையைத் தேடுக என்று கூறுவது வழக்கம். அவ்வறிவுரை பல இடங்களில் பயன்படும். ஆயின் மறதியும் நினைவும் பற்றிய தொடர்களில் அது பாதி வழியே செல்லும் என்பது எம் கருத்து. இவற்றுள் பல, உருவகத்தைவிட இலக்கணத்தைச் சார்ந்து நிற்பன. அவற்றிற்கு ஈடு நம் பழமொழித் திரட்டில் அகப்படுவதில்லை. வேற்றுமை உருபிலும் துணைவினையிலும் அகப்படுகிறது.

முதலில் ஆங்கிலத்தின் அடிப்படை வினைகளைக் காண்போம். மறத்தலைக் குறிக்கும் ‘ஃபர்கெட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘ஃபர்கியெட்டன்’ என வழங்கிற்று. பிற்பகுதி ‘கெட்’ என்னும் வினையின் பழைய வடிவம். பற்றுதல், பெறுதல் என்பன அதன் பொருள். முன்னொட்டு விலகலையும் இழப்பையும் உணர்த்தும். ஆகவே கைப்பற்றியதை நழுவவிடுதல் என்பதே அச் சொல்லின் முதற்பொருள். செருமானிய மொழியின் ‘ஃபெர்கெஸ்ஸன்’ என்பதும் அதே பிறப்பினது. நினைத்தலைக் குறிக்கும் ‘ரிமெம்பர்’ என்பதோ பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தது. மனத்திற் கொண்டவன் எனப் பொருள்படும் ‘மெமோர்’ அதன் வேர். சிதறிய உறுப்புகளை மீண்டும் ஒன்று சேர்த்தல் என இச் சொல்லுக்குப் பொருள் விரித்து மேடையிலும் ஏட்டிலும் நயம் பாராட்டுவார் உளர். உறுப்பைக் குறிக்கும் ‘மெம்பர்’ இலத்தீன் ‘மெம்ப்ரும்’ என்பதன் வழி வந்த வேறு சொல், இரண்டிற்கும் உறவில்லை. ஓசை ஒற்றுமை கொண்டு வேர் காண்பதன் தீங்கு நம்மவர்க்குப் புதிதன்று. ஆங்கிலத்தாரும் அதற்கு விலக்கல்லர் என்பதை மட்டும் குறித்து மேற்செல்வோம்.

இக்கால ஆங்கிலத்தில் இவ்விரு வினைகளும் எழுவாயைத் தலைமையாகக் கொண்டவை. ‘நான் நினைவுகொள்கிறேன்’, ‘நான் மறக்கிறேன்’ என்னும் அமைப்பே அங்கு இயல்பு. நினைவு என்பது நினைப்பவன் செய்யும் தொழில். மறதியும் அவன் தொழிலே. ஆயின் பண்டு எப்போதும் அவ்வாறு இருந்ததில்லை. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் இயற்றிய காண்டர்பரிக் கதைகளில், பாத் நகரத்துப் பெண்மணி தன் இளமையை எண்ணிப் பேசும் இடம் ஆங்கிலம் பயின்றார் அனைவர்க்கும் தெரிந்ததே. அவ்விடத்தில் ‘ரிமெம்பர்’ என்னும் வினை, ‘நான்’ என்பதை எழுவாயாகக் கொள்ளவில்லை. ‘இட்’ என்னும் வெற்றுச் சுட்டு எழுவாயாக நிற்க, நினைப்பவள் ‘மீ’ என்னும் வடிவில் பின்னே நிற்கிறாள். தமிழில் ‘எனக்கு நினைவு வருகிறது’ என்போமே, ஏறத்தாழ அதே அமைப்பு. பிரெஞ்சு மொழியின் ‘சூவெனிர்’ என்னும் வினையின் வரலாறும் இத்தகையது. கீழிருந்து மேலெழுந்து வருதல் என்னும் இலத்தீன் பொருளோடு ‘அது எனக்கு எழுகிறது’ என முன்னர் வழங்கியது, பின்னர் எழுவாய் கொண்ட வினையாக மாறிற்று.

ஆங்கிலம் காலப்போக்கில் இத்தகைய எழுவாயிலா அமைப்புகளைப் பெரும்பாலும் இழந்தது. அமைப்பு போயினும் அனுபவம் போகவில்லை. பெயரொன்றை எவ்வளவு முயன்றும் நினைவிற்குக் கொணர இயலாமையும், கேளாமலே பழைய நிகழ்ச்சியொன்று திரும்பி வருதலும் மாந்தர் எல்லார்க்கும் உள்ளவை. அவற்றை ‘நான்’ என்னும் எழுவாயின் செயலாகக் கூறுவது பொருந்தாது. இவ் வெற்றிடத்தையே மரபுத்தொடர்கள் நிரப்பின. ‘ஸ்லிப்’ என்பதில் மறந்த பொருள் தானே நழுவுகிறது. ‘எஸ்கேப்’ என்பதில் தானே தப்பி ஓடுகிறது. ‘இட் கேம் பேக் டு மீ’ என்பதில் தானே மீண்டு வருகிறது. மூன்றிலும் பொருளே எழுவாய். மனிதன் அது வந்து போகும் இடம். கடிதம் எழுதிய நண்பர் பொய் சொல்லவில்லை. குற்றத்தை மறுக்கவும் இல்லை. தம் விருப்பமின்றி நிகழ்ந்தது எனக் காட்டும் ஓர் அமைப்பைத் தேர்ந்தார், அவ்வளவே.

தமிழில் இவ்வேறுபாட்டிற்கு உருவகம் வேண்டுவதில்லை. நான்காம் வேற்றுமையே அதனைச் செய்துவிடும். எப்பொருளாயினும் அதனை ஏற்கும் இடத்தைக் குவ்வுருபிற்கு உரியதாக வைத்தார் தொல்காப்பியர். பசியும் நோயும் தூக்கமும் ‘எனக்கு’ வருவன போலவே நினைவும் ‘எனக்கு’ வருகிறது. பேச்சுத் தமிழில் ‘ரிமெம்பர்’ என்பதற்கு எழுவாயோடு கூடிய எளிய வினை இன்று இல்லை என்பதையும் நோக்குக. ‘நினைத்தேன்’ என்றால் எண்ணினேன் என்பதே பொருள். ‘நினைவுகூர்ந்தேன்’ என்றால் முயன்று போற்றிய பொருள் வந்துவிடும். ‘அவரை எனக்கு நினைவிருக்கிறது’ என்பதே இயல்பான வழக்கு. பழந்தமிழில் உள்ளுதலும் நினைதலும் எழுவாயோடு இயன்றன; திருக்குறளின் ‘நினைந்தவர் புலம்பல்’ என்னும் அதிகாரத் தலைப்பிலேயே அதனைக் காணலாம். ஆகவே ஆங்கிலம் ஒரு திசையிலும் தமிழ் அதற்கு எதிர்த்திசையிலும் நடந்தன எனல் தகும்.

மறத்தல் வினையில் நிலைமை இன்னும் நுட்பமானது. ‘மறந்துவிட்டேன்’, ‘மறந்துபோனேன்’, ‘எனக்கு மறந்துவிட்டது’, ‘எனக்கு மறந்துபோயிற்று’ என்னும் நான்கும் வழக்கில் உள்ளன. இவை ஒரு பொருட் கிளவிகள் எனக் கருதுவார் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ‘அதை மறந்துவிடு’ என ஏவலாம். ‘அதை மறந்துபோ’ என எவரும் ஏவுவதில்லை. ‘விடு’ என்னும் துணைவினை மனிதனின் ஆட்சிக்கு உட்பட்டு நிற்க வல்லது. ‘போ’ அதற்குப் புறம்பானது. ஆங்கிலத்திலும் ‘ஃபர்கெட் இட்’ என ஏவல் உண்டு. மனத்தினின்றும் நழுவச் செய்க என ஏவல் இல்லை. இரு மொழிகளிலும் எல்லைக்கோடு ஒரே இடத்தில் விழுகிறது. அங்கு அதனை வரைவது மரபுத்தொடர். இங்கு அதனை வரைவது துணைவினை. விடைத்தாள்களுள் மூன்றாவது ஏன் குரலைப் பிடித்தது என்பதற்கு விடை இதுவே. அதில் உள்ள ஏகாரத்தையும் விட்டுவிடலாகாது. ‘மறந்தே’ என்பதில் எழுதியவரின் வியப்பும் நாணமும் உடன் நிற்கின்றன.

இனி, அத் தொடரில் உள்ள ‘மைண்ட்’ என்னும் சொல்லை நோக்குவோம். இன்று மனம் எனவும் அறிவு எனவும் மொழிபெயர்க்கப்படும் இச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் நினைவு என்பதே முதன்மைப் பொருள்களுள் ஒன்று. இலத்தீன் ‘மென்ஸ்’, வடமொழி ‘மனஸ்’ ஆகியவற்றோடு ஒரு குடியைச் சேர்ந்தது. தனிச்சொல்லாக நிற்குங்கால் நினைவுப்பொருளை ஏறத்தாழ இழந்துவிட்டது. தொடர்களுள் மட்டும் அப் பழைய பொருள் உறைந்து கிடக்கிறது. ‘ரிமைண்ட்’ என்னும் வினையும், மனத்திற் கொள்ளுதல், மனத்திற்கு அழைத்தல் எனப் பொருள்படும் தொடர்களும் அவ்வாறு எஞ்சியவை. ‘ஞாபகம்’ என்னும் சொல் நம்மிடம் அடைந்த மாற்றத்தை ஈண்டு ஒப்பிடலாம். வடமொழியில் அறிவிப்பது, உணர்த்துவது என்பது அதன் பொருள். உத்தி வகையுள் ஒன்றாக மரபியல் எண்ணும் ஞாபகமும் வேறு. தெருவில் வழங்கும் ஞாபகமோ முழுதும் நினைவாகிவிட்டது.

‘அவுட் ஆஃப் சைட், அவுட் ஆஃப் மைண்ட்’ என்னும் பழமொழியின் ஈற்றுச்சொல்லும் நினைவே. கணிப்பொறி மொழிபெயர்ப்பு தொடங்கிய காலத்தில் இப் பழமொழியை உருசிய மொழிக்கு மாற்றி, மீண்டும் ஆங்கிலத்திற்கு மாற்றியபோது ‘கண்ணுக்குத் தெரியாத பித்தன்’ என வந்ததாக ஒரு கதை உலவுகிறது. மெய்யாக நடந்ததற்குச் சான்றில்லாத கட்டுக்கதையே எனினும், கதை கட்டியவர் மொழியறிந்தவர். ‘அவுட் ஆஃப் மைண்ட்’ என்பதைத் தனியே பிரித்தால் அறிவு திரிந்தவன் என்னும் பொருளுக்கு அருகே சென்றுவிடும் என்பதை உணர்ந்தே கட்டியிருக்கிறார்.

இதே சொல் சட்டத்திற் புகுந்து பெற்ற நிலை மொழிபெயர்ப்பாளர் அறிந்துகொள்ள வேண்டியது. ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ என்பது பேச்சில் மிகப் பழங்காலம் எனப் பொருள்படும். ஆங்கிலச் சட்டத்திலோ நினைவின் எல்லைக்கு ஆண்டுக்கணக்கு உண்டு. 1275ஆம் ஆண்டின் வெஸ்ட்மினிஸ்டர்ச் சட்டத்தை ஒட்டி, முதலாம் ரிச்சர்டு அரியணை ஏறிய 1189ஆம் ஆண்டே சட்டத்தின் நினைவு தொடங்கும் காலமாகக் கொள்ளப்பட்டது. அதற்கு முன்னர்த் தொட்டு வரும் வழக்காறு நினைவிற்கு அப்பாற்பட்டது; அதனைத் தொடங்கிவைத்தார் யார் என வினவுதல் இல்லை. இத் தொடர் ஒரு புதினத்தில் வருமாயின் ‘தொன்றுதொட்டு’ என்பது போதும். நிலவுரிமை பற்றிய பழைய தீர்ப்பில் வருமாயின் ‘தொன்றுதொட்டு’ என்பதில் அவ்வெல்லை மறைந்துவிடும். ‘நினைவெல்லைக்கு முற்பட்ட காலம்’ என்பது போலும் ஆக்கம் வேண்டும்.

சட்டம் நினைவிற்கு எல்லை கட்டியது போலவே மறதிக்கு ஆணையும் பிறப்பித்தது. உள்நாட்டுப் போரும் முடியாட்சியின் வீழ்ச்சியும் கடந்து இரண்டாம் சார்லசு மீண்டும் அரசனானபோது, 1660இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் பெயரிலேயே ‘ஒப்ளிவியன்’ என்னும் சொல் இடம்பெற்றது. மறப்பு என்பது அதன் பொருள். முதலாம் சார்லசைக் கொன்றதில் தொடர்புடையார் பலரை விலக்கி, ஏனையோரின் பழைய செயல்கள் மறக்கப்பட்டனவாக அச் சட்டம் விதித்தது. அதனோடு அமையாமல், மூன்றாண்டுக் காலத்திற்குள் பழைய பகையின் நினைவை எழுப்பும் வசைச்சொல் கூறுவார்க்குத் தண்டமும் வகுத்தது. உயர்குடியினர் எனின் 10 பவுன். அவரிற் தாழ்ந்தார் எனின் 40 சில்லிங்கு. மறதிக்கு விலை குறித்த சட்டம் எனலாம். ‘ஃபர்கிவ் அண்ட் ஃபர்கெட்’ என்னும் இணைமொழி அதனினும் பழையது. மன்னித்தலையும் மறத்தலையும் குறிக்கும் இரு வினைகளும் ஒரே முன்னொட்டைக் கொண்டிருப்பது ஆங்கிலச் செவிக்கு மோனை இன்பம் தருகிறது. தமிழில் மன்னித்தல், மறத்தல் என வைத்தாலும் மகர மோனை தானே அமைகிறது, இது நற்பேறு.

ஆனால் அதே கருத்தைச் சார்ந்த ‘ஆம்னெஸ்டி’ என்னும் சொல்லில் அந் நற்பேறு நமக்கு வாய்க்கவில்லை. இச் சொல் கிரேக்கத்தது. நினையாமை என்பதே அதன் சொற்பொருள். நினைவிழப்பு நோயைக் குறிக்கும் ‘அம்னீசியா’ இதன் உடன்பிறப்பு. கி.மு. 403இல் முப்பதின்மர் கொடுங்கோலாட்சி ஒழிந்து மக்களாட்சி மீண்டபோது, ஏதென்சு நகரத்தார் பழைய தீங்குகளை நினையோம் எனச் சூளுரைத்தனர். பிற்காலத்தார் அதனை இச் சொல்லால் குறித்தனர். தமிழில் இதனைப் பொதுமன்னிப்பு என வழங்குகிறோம். நிலைபெற்றுவிட்ட ஆட்சிச்சொல்லாதலின் மாற்றுக எனக் கூறோம். எனினும் பொருள் வேற்றுமையை அறிந்திருத்தல் வேண்டும். மன்னிப்பில் குற்றம் செய்தவன் இவன் என்பது நிலைத்து நிற்கும். மறப்பிலோ குற்றம் என ஒன்று பேசப்படுவதே இல்லை. ஏதென்சின் வரலாற்றை மொழிபெயர்ப்பவர் ‘பொதுமன்னிப்பு அளித்தனர்’ என எழுதினால், யார் யாருக்கு அளித்தனர் என்னும் வினா எழும். அங்கு அளித்தவரும் இல்லை, பெற்றவரும் இல்லை. இரு சாராரும் சேர்ந்து வாய்மூடினர். அவ்விடத்தில் ‘பழையன நினையாமைச் சூள்’ என்றேனும் விரித்தெழுதுதலே தக்கது.

‘பை ஹார்ட்’ என்னும் தொடர் நம் பள்ளிகளில் ஏறக்குறையத் தமிழ்ச்சொல்லாகவே வழங்குகிறது. நெஞ்சினால் கற்றல் என்னும் இவ்வழக்கு ஆங்கிலத்தில் சாசர் காலந்தொட்டே உண்டு. பிரெஞ்சிலும் ‘பார் கேர்’ என அதே வடிவில் உண்டு. நெஞ்சாங்குலையே அறிவின் இருப்பிடம் எனக் கொண்ட அரிசுட்டாட்டில் காலத்துக் கருத்தின் எச்சம் இது. இலத்தீனில் நினைத்தலைக் குறிக்கும் ‘ரெகோர்தாரி’ என்னும் வினையுள்ளும் நெஞ்சைக் குறிக்கும் ‘கோர்’ என்னும் சொல் உறைகிறது. அதன் வழிவந்த ‘ரெக்கார்டு’ என்னும் ஆங்கிலச் சொல் இன்று ஏட்டையும் ஒலித்தட்டையும் நினைவூட்டுகிறதேயன்றி நெஞ்சை நினைவூட்டுவதில்லை. முன்னர் அதற்கு ஓதிப் பயிலுதல், இசையைப் பழகுதல் என்னும் பொருள்கள் இருந்தன. ‘ரெக்கார்டர்’ என ஒரு குழற்கருவி பெயர் பெற்றது அதனால்தான். மாணவர் சிலர் அதனை ஒலிப்பதிவுக் கருவி எனக் கொண்டு மயங்குவதைக் கண்டிருக்கிறோம். இத் தொடருக்குத் தமிழில் மனப்பாடம், நெட்டுரு, உருப்போடுதல் எனச் சொற்கள் நிறைந்திருக்கின்றன. ஈழத்தார் பாடமாக்குதல் என்பர். நெட்டுருவில் சற்றே இகழ்ச்சி தொனிக்கும். பொருளுணராது ஓதுதலைக் குறிக்கும் ‘ரோட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அதனை ஒதுக்கி வைத்தல் நலம்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தலே குற்றமாயின் ஆங்கிலமும் அக் குற்றத்தைச் செய்ததன்றோ? நீலமலர்ச் செடியொன்றிற்கு ‘என்னை மறவாதே’ எனப் பொருள்படும் பெயரை ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து அவ்வாறே பெயர்த்துக்கொண்டது. ஐயம் தக்கதே. பெயர்ப்பு நிலைபெறுவதற்குத் தாய்நிலத்தில் அதற்கு முன்னரே இடம் இருத்தல் வேண்டும். அம் மலர்ப்பெயர் எம் மொழியிலும் விளங்கும் ஏவல். ‘மனத்தில் வை’ என்பது ஆங்கிலத்தைப் பாராமலே நம்மிடம் உள்ளது. ‘மனத்தினின்றும் வழுக்குதல்’ என்பதற்கு மட்டும் நம் பேச்சில் இடமில்லை.

உடலைச் சார்ந்த தொடர்களில் இவ்விடம் பெரும்பாலும் அமைந்தே இருக்கிறது. ஒரு காதில் நுழைந்து மறுகாதில் வெளியேறுதல் என்பதைச் சாசரும் எழுதியுள்ளார். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுதல் நம் பாட்டிமார் வாய்மொழி. ஒருவர்க்கொருவர் கடன்பட்டதாகக் கருத வேண்டுவதில்லை. எல்லார்க்கும் காது இரண்டே. ‘நுனிநாவில் நிற்கிறது’ என்னும் தொடர் இதனினும் வியப்பானது. சொல் தெரியும், வரவில்லை, வந்துவிடும் போலும் இருக்கிறது. இந் நிலையை வில்லியம் சேம்சு 1890இல் வெளிவந்த தம் உளவியல் நூலில் ஆராய்ந்தார். மறந்த சொல் விட்டுச்சென்ற வெற்றிடம் வெறும் வெற்றிடமன்று. அச் சொல்லின் வடிவம் அதற்கு உண்டு, தவறான சொல்லை முன்வைத்தால் அது உடனே தள்ளிவிடும் என்பது அவர் கருத்து. 1966இல் பிரவுன், மெக்நீல் என்னும் இருவர் அருஞ்சொற்களின் பொருள்விளக்கங்களைப் படித்துக்காட்டி மாணவரைச் சொல் கூறச் செய்து சோதித்தனர். சொல் வாராத நிலையிலும் அதன் முதலெழுத்தையும் அசைத்தொகையையும் மாணவர் பலமுறை சரியாகவே உணர்ந்தனர். பின்னர் சுவார்ட்சு என்பவர் 51 மொழிகளை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட கட்டுரையில், அவற்றுள் 45 மொழிகள் இந் நிலைக்கு நாவைச் சுட்டும் தொடரை வழங்குவதாகக் கூறினார். நம்மவர் நாவோடு தொண்டையையும் சேர்த்துக்கொள்வர். ‘தொண்டை வரைக்கும் வந்துவிட்டது’ என்பதில் சொல் இன்னும் நாவிற்கு ஏறவில்லை. சற்றுத் தொலைவு மிகுதி.

காலத்தால் பொருள் மறைந்த சொற்கள் வேறு வகை இடர் தருவன. ‘ட்ரெயின் ஆஃப் தாட்’ அறுந்தது என ஆங்கிலத்தார் கூறுங்கால் புகைவண்டியை எண்ணலாகாது. ஹாப்சு 1651இல் வெளியிட்ட இலெவியாதனில் எண்ணத் தொடர்ச்சியைக் குறிக்க இச் சொல்லை வழங்கியுள்ளார். இருப்புப்பாதைகள் எழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். தொடர்ந்து செல்வது என்பதே அதன் பொருள். நம் ‘தொடர்’ அதற்கு அளவாகப் பொருந்துகிறது. நினைவை ‘ஜாக்’ செய்தல் என்பது ஓடவைத்தலன்று. முழங்கையால் மெல்ல இடித்து உணர்த்தல். மூளையை ‘ரேக்’ செய்தல் என்பது உடலை இழுத்து வதைக்கும் பழைய தண்டனைப் பொறியிலிருந்து வந்தது, ‘மூளையைக் கசக்குதல்’ என நாம் கூறுவதில் வதை இருக்கிறது, பொறி இல்லை, அது போதும். ஆம்லெத்து நாடகத்தில், தந்தையின் ஆவியைக் கண்டபின் இளவரசன் தன் நினைவின் ‘டேபிள்’ மீதுள்ளவற்றை அழித்துவிடுவதாகக் கூறுவான். அது மேசையன்று; எழுதி அழித்து மீண்டும் எழுதத்தக்க ஏடு. அத்தகைய கையேடுகள் சேக்சுபியர் காலத்தில் வழக்கில் இருந்தன. மெழுகுப்பலகையில் முத்திரை பதிதலை நினைவுக்கு உவமையாக்கிய பிளேட்டோ முதல், சிலேட்டைத் துடைத்துப் புதிதாகத் தொடங்குதல் வரை இவ்வுருவகம் நீண்டு செல்லும். அதனைத் தனிக் கட்டுரையிற் காண்டலே முறை.

ஒத்த உருவம் கண்டு ஏமாறும் இடங்களே மாணவர்க்கு மிக்க தீங்கு செய்வன. நினைவு சல்லடை போன்றது என ஆங்கிலத்தார் கூறுவர். சல்லடைக்கு இனமான நெய்யரியை நன்னூல் மாணாக்கர் இலக்கணத்தில் கண்ட ஒருவர், அதனையே எடுத்து இங்கு வைத்தார். நெய்யரியின் குற்றம் மறதியன்று. நெய்யை விட்டுக் கசடைப் பற்றுதல். ஆங்கிலச் சல்லடை எதனையும் பற்றுவதில்லை. நன்னூலில் அதற்கு ஈடு இல்லிக்குடமே. இன்னொன்று: மறவாமைக்காக ஆங்கிலத்தார் கைக்குட்டையில் முடிச்சிடுவர். அதனை முந்தானை முடிச்சாக்கினால் கதை கணவனை வயப்படுத்தும் மனைவியிடம் சென்றுவிடும். ‘ரிங் எ பெல்’ என்பதற்குப் ‘பொறி தட்டியது’ என எழுதுவார் பலர். பொறி தட்டினால் எல்லாம் விளங்கிவிட வேண்டும். ஆங்கில மணியோ எங்கோ தொலைவில் ஒலிப்பது. யார், எப்போது என்பது தெரிவதில்லை. ‘எங்கோ கேட்டாற்போல் இருக்கிறது’ என்பதே அளவான மொழி.

இவை யாவற்றினும் கொடியது, ஒருவன் ‘தன்னை மறந்தான்’ என்பது. ஆங்கிலத்தில் ‘ஹி ஃபர்காட் ஹிம்செல்ஃப்’ எனின், அவன் தன் நிலைக்கு ஒவ்வாத சொல்லையோ செயலையோ செய்துவிட்டான் என்பது பொருள். எழுத்தர் ஒருவர் மேலதிகாரியின் முன் தம்மை மறந்தார் எனக் கதையில் வருமாயின், அவர் குரலை உயர்த்திப் பேசிவிட்டார் என்க. தமிழிலோ தன்னை மறத்தல் மெய்ம்மறத்தலோடு சேர்ந்தது. இசையிலும் காதலிலும் இறையன்பிலும் அது பேறு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அவ்வெழுத்தர் மேலதிகாரியைக் கண்டு பரவசமுற்றார் என்றாகும். இவ்விரண்டிற்கும் இடையே தமிழில் ஒரே ஒரு சொல் நின்று காக்கிறது: ‘தன்னிலை மறந்தார்’ என்றால் ஆங்கிலப் பொருள் கிட்டிவிடுகிறது. ‘நிலை’ என்னும் அச் சொல்லை இட மறப்பது மொழிபெயர்ப்பாளன் தன்னிலை மறப்பதாகும்.

முன்னர்க் கூறிய மணவிழாக் கடிதத்தின் இறுதியில் இன்னொரு தொடரும் இருந்தது. தந்தையார்க்குத் தம்மை நினைவூட்டுமாறு நண்பரைக் கேட்டு எழுதியிருந்தார் அதன் ஆசிரியர். ‘ரிமெம்பர் மீ டு யுவர் ஃபாதர்’ என்பது வணக்கம் கூறி விடுக்கும் வாய்பாடு. மறதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாணவருள் பெரும்பாலோர் ‘தங்கள் தந்தையார்க்கு என்னை நினைவுபடுத்துங்கள்’ என எழுதினர். முதியவர் நினைவிழந்துவிட்டாரோ என ஐயுறும்படி அமைந்தது. ‘மறந்தே போயிற்று’ என எழுதிய அதே மாணவர் இவ்விடத்தில் ‘அப்பாவை மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள்’ என முடித்திருந்தார். நினைவு என்னும் சொல்லை அவர் அத் தொடரில் எழுதவே இல்லை. முழு மதிப்பெண் அளித்தோம்.